எழுதுவதற்கு விலை வந்த பிறகு

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டுவிட்டுத்தான் சாகும். சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்கள் டிரைவைக் கையில் வாங்கி, மின்சாரம் கொடுத்து, காதருகே கொண்டுபோய்க் கேட்பார்கள். ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே சீராக வந்தால் முடிந்தது. “ஹெட்டு போயிடுச்சு சார். உள்ள முக்கியமான டேட்டா ஏதாவது இருக்கா?” என்பார்கள். நோயறிதல் அவ்வளவுதான். மற்றதெல்லாம் விலைபேசல்.

அந்தக் காது வைத்தியத்துக்கு நியாயம் இருந்தது. ஹார்ட் டிஸ்க் அடிப்படையில் ஓர் இயந்திரம். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் கணினியின் வட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டன. அடுத்த அரை நூற்றாண்டில் தட்டுகள் உள்ளங்கைக்குள் அடங்கின, கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது. ஆனால் சுழலும் தட்டு, அதன்மேல் தொடாமல் மிதக்கும் தலை என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. கெட்டால் மோட்டார் கெடும், பேரிங் தேயும், தலை தட்டில் உரசும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் கட்டிலிலிருந்து தவறவிட்டால் போதும். 2008இல் தொடங்கித் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வகையும் தெரியும்: யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன அலுவலகத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், மறுபடி வந்ததும் கறுப்புத் திரையில் சோதனை ஓடும், கொஞ்ச நாளில் பேட் செக்டார் தலைகாட்டும்.

ஒன்றே ஒன்றால் மட்டும் அது தேயாது: எழுதுவதால். காந்தப் பூச்சில் ஒரு புள்ளியின் திசையை மாற்றி, மறுபடி மாற்றி, லட்சம் தடவை மாற்றினாலும் அந்தப் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. எழுதுவதற்கான செலவு நேரம் மட்டுமே. அதனால் ‘இந்த டிஸ்க்கில் இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறோம்’ என்று அன்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

நமது மென்பொருள்களின் பழக்கவழக்கங்களெல்லாம் இந்தக் காலத்தில் உருவானவை. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் ஒரு கோப்பைப் படித்தாலே, ‘கடைசியாக எப்போது படிக்கப்பட்டது’ என்ற நேரத்தை டிஸ்க்கில் எழுதின. அதாவது படிப்பதும் எழுதுவதாக முடிந்தது. லினக்ஸில் அந்த வழக்கத்தை வெகுவாகக் குறைத்து, அதை இயல்பு நிலையாக்கியதே 2009இல்தான். நினைவகம் போதாவிட்டால் டிஸ்க்கில் ஸ்வாப். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு லாக் வரி. பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பு. கோப்புகள் சிதறிவிட்டால் டிஃப்ராக்: விண்டோஸ் 95, 98 காலத்தில் அந்த வண்ணக் கட்டங்கள் நகர்வதை வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை நாம். டிஸ்க் முழுவதையும் எடுத்து அடுக்கி மறுபடி எழுதும் அந்த வேலையைப் பராமரிப்பு என்றே சொன்னோம்.

ஹார்ட் டிஸ்க் காலத்திலும் மென்பொருளின் பழக்கம் வன்பொருளைத் தின்ற ஒரு விவகாரம் உண்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வேலை இல்லாத நேரத்தில் தலையைத் தட்டிலிருந்து விலக்கி ஓரத்தில் நிறுத்தும் ஏற்பாடு வந்தது. நிறுத்தி எடுக்கும் தடவைக்கு ஒரு வரம்பு உண்டு. பல டிரைவ்களில் அது 3,00,000. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘கிரீன்’ வகை டிரைவ்கள் எட்டு விநாடி சும்மா இருந்தாலே தலையை நிறுத்திவிடும். லினக்ஸோ அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சின்ன வரியை எழுதிக்கொண்டிருக்கும். நிறுத்து, எடு, நிறுத்து, எடு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 2,880. நூறு நாளைத் தாண்டியதும் வரம்பு முடிந்துவிடும். 2007 வாக்கில் உபுண்டு பயனர்கள் லேப்டாப்களில் இதேபோன்ற சிக்கலைக் கண்டுபிடித்துப் பெரிதாகச் சத்தம் போட்டார்கள். இன்றைய சிக்கலின் ஒத்திகை என்று அதைச் சொல்லலாம். கையில் ஒரு பொருள், அதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பு, அந்த வரம்பு இருப்பதே தெரியாத ஒரு மென்பொருள்.

அப்போதே டிரைவ்களில் ஸ்மார்ட் என்ற தன்னறிக்கை வசதி வந்துவிட்டது. ஆனால் அதை மட்டும் நம்பிப் பயனில்லை என்று ஆய்வே வந்தது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செயலிழந்த டிரைவ்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை என்று கண்டார்கள். பழுது பார்ப்பவரின் காது அதற்கு ஒன்றும் குறைந்ததல்ல.

ஃபிளாஷ் வந்தபோது கணக்கே மாறியது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987இல் இன்றைய எஸ்எஸ்டிகளின் அடிப்படையான நேண்ட் வகையையும் அறிமுகப்படுத்தினார். இதில் சுழல்வது எதுவும் இல்லை. மிக மெல்லிய ஆக்சைடு படலத்தால் மூடப்பட்ட செல்லுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதுதான் எழுதுவது, வெளியேற்றுவது அழிப்பது. இரண்டுக்கும் அந்தப் படலத்தின் வழியே உயர் மின்னழுத்தத்தில் தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலும் படலத்தைக் கொஞ்சம் கெடுக்கும். ஒருநாள் அது எலக்ட்ரான்களை நம்பகமாகப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடும்.

எத்தனை தடவை தாங்கும் என்பது ஒரு செல்லில் எத்தனை பிட்டைத் திணிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பிட் மட்டும் வைத்த எஸ்எல்சி வகை, ஏறக்குறைய 1,00,000 தடவை அழித்தெழுதத் தாங்கியது. இரண்டு பிட் வைத்த எம்எல்சி 3,000 முதல் 10,000 வரை. மூன்று பிட் வைக்கும் டிஎல்சியில் எட்டு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். அது சில ஆயிரம், சிலவற்றில் ஆயிரம்தான். நான்கு பிட், பதினாறு நிலைகள் கொண்ட க்யூஎல்சியில் ஆயிரமும் அதற்குக் கீழும். விலை இறங்கியதன் மறுபக்கம் இது. செல்லின் ஆயுள் குறைந்துகொண்டே வந்ததை நாம் உணராமல் இருந்ததற்குக் காரணம், செல்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடியதே.

இன்னொரு கோணலும் உண்டு. ஃபிளாஷில் எழுதுவது பேஜ் என்ற சின்ன அலகில், அழிப்பது பிளாக் என்ற பெரிய அலகில். பேஜ் சில கிலோபைட், இன்றைய டிரைவ்களில் 16 கேபி வழக்கம். பிளாக் பல மெகாபைட். எழுதிய பேஜின்மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். சிலேட்டில் ஒரு சொல்லைத் திருத்த, மற்ற வரிகளையெல்லாம் வேறு சிலேட்டில் எடுத்தெழுதிவிட்டு முழுச் சிலேட்டையும் துடைக்கும் கதை. டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் இந்த இடமாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கும். எல்லா பிளாக்குகளும் ஒரே சீராகத் தேயும்படியும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு விலை உண்டு. நாம் ஒரு ஜிபி எழுதச் சொன்னால் ஃபிளாஷில் ஒன்றரை, மூன்று, மோசமான நேரத்தில் பத்து ஜிபிகூட எழுதப்படலாம். எழுத்துப் பெருக்கம் என்று அதைச் சொல்வோம். தேய்மானத்தை ஆராய்பவர் கடைசியில் வந்து முட்டுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தது. 80 ஜிபி, மொத்த விலையே 595 டாலர். நாளுக்கு 20 ஜிபி வீதம் ஐந்தாண்டு எழுதலாம் என்று அதன் விவரக்குறிப்பு சொன்னது. கூட்டிப் பார்த்தால் 36.5 டெராபைட். எழுதுவதற்கு இவ்வளவுதான் வரம்பு என்று வீட்டுக் கணினிக்காரர்கள் முதன்முதலில் படித்த காலம் அது. படித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்வாப்பை அணை, தேடல் அட்டவணையை நிறுத்து, பிரவுசர் கேஷை ரேமுக்கு மாற்று, ஹைபர்னேட் வேண்டாம் என்று பட்டியல்கள் சுற்றின. டிஃப்ராக் கூடாது என்பதைத் தவிர மற்றவை பெரும்பாலும் வீண் சிரமம். விண்டோஸ் 7 வந்தபோது எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு டிஃப்ராக்கைத் தானே தவிர்த்தது. அதைவிட முக்கியமாக டிரிம் கட்டளையையும் கொண்டுவந்தது. அழித்த கோப்பின் இடம் இனித் தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை அது. சொல்லாவிட்டால், செத்த தரவையும் உயிருள்ளதாக நினைத்து கன்ட்ரோலர் சுமந்துகொண்டே திரியும்.

பயத்தைப் போக்கிய சோதனை ஒன்றும் நடந்தது. ‘டெக் ரிப்போர்ட்’ என்ற அமெரிக்க இதழ் 2013இல் ஆறு எஸ்எஸ்டிகளைப் போட்டு, சாகும்வரை இடைவிடாமல் எழுதியது. கடைசியாக மிஞ்சிய சாம்சங் 840 ப்ரோ 2,400 டெராபைட்டைத் தாண்டிய பிறகே விழுந்தது. இன்டெல் டிரைவ் ஒன்றோ 700 டெராபைட் அளவில் இனி எழுதமாட்டேன் என்று படிக்க மட்டுமான நிலைக்குப் போய், கணினியை மறுபடி இயக்கியதும் ஒரேயடியாக மறைந்துவிட்டது. முதல் செய்தியை எல்லாரும் கொண்டாடினார்கள். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வரம்பை எட்டிய டிரைவ் ‘டிக்’ என்றுகூடச் சொல்லாது. நேற்றுவரை இருந்தது, இன்று காலை பயாஸில் பெயரே இல்லை.

ஆகவே இன்று காதுக்கு வேலை இல்லை, கணக்குக்குத்தான். நல்லவேளையாகக் கணக்கு டிரைவிலேயே இருக்கிறது. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பு, இரண்டும் இலவசம். என்விஎம்இ டிரைவ் என்றால் பார்க்க வேண்டிய வரிகள் மூன்றுதான்: பயன்பட்ட விழுக்காடு, எழுதிய தரவு அலகுகள், மிச்சமிருக்கும் உபரி இடம். முதல் வரி 100ஐத் தொட்டால் டிரைவ் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. அது 255 வரைகூடப் போகலாம். உத்தரவாதம் கொடுத்த அளவு தீர்ந்துவிட்டது என்றே பொருள். வீட்டு உபயோக டிரைவ்களுக்கான ஜெடெக் தரநிலைப்படி, வரம்பு வரை தேய்ந்த டிரைவ், மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காப்பாற்ற வேண்டும். தேய்ந்துபோன டிரைவில் குடும்பப் படங்களைப் போட்டு பீரோவுக்குள் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது.

இரண்டாவது வரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். என்விஎம்இயில் ஓர் அலகு என்பது 512 பைட் அல்ல, 5,12,000 பைட். 2 கோடி அலகு என்றால் 10 டெராபைட் சொச்சம். சாட்டா டிரைவ்களில் 241ஆம் எண்ணுள்ள வரி. சாம்சங் அதை 512 பைட் அலகில் கொடுக்கும், இன்டெல் 32 எம்பி அலகில் கொடுத்தது. அலகு தெரியாமல் பெருக்கி, ‘ஒரே மாதத்தில் நூறு டெராபைட் போய்விட்டது’ என்று கலங்குபவர்கள் ஏராளம். மென்பொருள் டெராபைட்டாக மாற்றிக் காட்டும் எண் ஓரளவு சரியாக இருக்கும். சந்தேகமிருந்தால் 10 ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுத்துவிட்டு எண் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

மொத்த எண்ணைவிட முக்கியம் வேகம். இன்று ஒரு தடவை குறித்துவைத்து, வழக்கம்போல் வேலை பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி குறிக்க வேண்டும். 500 ஜிபி டிரைவுக்கு 300 டெராபைட் உத்தரவாதம் என்பது சாம்சங் 970 ஈவோ போன்றவற்றின் அளவு. நாளுக்கு 30 ஜிபி எழுதினால் அது 27 ஆண்டு வரும். கவலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நாளுக்கு 300 ஜிபி என்றால் மூன்றாண்டுகூட வராது. அலுவலகக் கணினியில் கடிதமும் விரிதாளும் மட்டும் கையாளும் ஒருவருக்கு 300 ஜிபி வருகிறதென்றால், அவர் தூங்கும்போது யாரோ எழுதுகிறார்கள்.

யார் என்று பிடிப்பது அடுத்த கட்டம். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பக்கம் எந்த நிரல் எந்தக் கோப்பில் எழுதுகிறது என்று காட்டும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். லினக்ஸில் ஐயோடாப்பைக் கூட்டுக்கணக்கு முறையில் ஓடவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், முதல் வரியில் குற்றவாளி உட்கார்ந்திருப்பான். ஃபேட்ரேஸ் என்ற கருவி அவன் தொடும் கோப்பின் பெயரையும் சொல்லும். கண நேர வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சிஸ்டம் அப்டேட் ஓடினால் ஐந்து நிமிடம் கொட்டும், நிற்கும்; அது ஒன்றுமில்லை. விநாடிக்கு மூன்று எம்பி மட்டும் எழுதினாலும் நிற்காமல் எழுதுகிறவன்தான் ஆபத்து. நாள் முடிவில் அவன் கணக்கு 259 ஜிபி.

சிக்கியவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. 2016இல் ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலி, பாட்டே பாடாமல் சும்மா திறந்திருக்கும்போதும் ஜிபி கணக்கில் எழுதித் தள்ளியது அம்பலமானது. தன் சிறிய தரவுத்தளக் கோப்பு ஒன்றைச் ‘சுருக்கி ஒழுங்குபடுத்த’ அது திரும்பத் திரும்ப முழுவதுமாக மாற்றியெழுதிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸ்: பிரவுசர் முறிந்தால் டேப்களை மீட்டெடுக்க, 15 விநாடிக்கு ஒருமுறை எல்லா டேப்களின் நிலையையும் கோப்பில் எழுதும். டேப் பத்து இருந்தால் பரவாயில்லை. நூறு இருந்தால் நாளுக்குப் பல ஜிபி. 2020இல் விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பு, கடைசியாக எப்போது டிரைவை ஒழுங்குபடுத்தினோம் என்பதையே மறந்துபோய், ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் அந்த வேலையைத் தொடங்கியது. எஸ்எஸ்டிக்கும் டிஃப்ராக் நடந்தது. சில மாதங்களில் சரிசெய்தார்கள். மூன்றிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எழுதுவது இலவசமாக இருந்த காலத்துக் கைப்பழக்கம் விலை வந்த பிறகும் போகவில்லை, அவ்வளவே.

அந்தப் பழக்கத்தின் விலை கணினிக்கு வெளியே தெரிந்த இடம் டெஸ்லா. 2012 முதல் 2018இன் தொடக்கம் வரை வந்த மாடல் எஸ் கார்களிலும், 2016 முதல் அதே காலம் வரை வந்த மாடல் எக்ஸ் கார்களிலும் நடுவில் இருக்கும் பெரிய தொடுதிரையை இயக்கிய பலகையில் 8 ஜிபி ஃபிளாஷ் சில்லு ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. இயங்குதளம் அதில்தான், லாக்குகளும் அதில்தான். கார் ஓடஓட நிகழ்வுகளை வரிவரியாக எழுதிக்கொண்டே இருந்தது. நான்கைந்து ஆண்டு ஓடிய கார்களில் திரை தடுமாறத் தொடங்கியது, பிறகு கறுத்தது. திரை போனால் பாட்டு மட்டும் போவதில்லை. பின்னால் பார்க்கும் கேமரா அதில்தான். கண்ணாடிப் பனி நீக்கும் அமைப்பின் கட்டுப்பாடும் அதில்தான். இண்டிகேட்டரின் ‘டிக் டிக்’ ஒலியும் அதன் வழியாகத்தான் வந்தது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2020இல் விசாரணை தொடங்கி, 2021 ஜனவரியில் ஏறத்தாழ 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி டெஸ்லாவைக் கேட்டது. டெஸ்லா அதைக் குறைபாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து, 8 ஜிபி சில்லுக்குப் பதில் 64 ஜிபி கொண்ட பலகையை மாற்றிக் கொடுத்தது. அந்த விசாரணையில் வந்த எண்கள் எளியவை. சில்லு 3,000 அழித்தெழுதல் தாங்கும். ஒவ்வொரு பிளாக்கும் நாளுக்குச் சராசரியாக 1.4 தடவை அழித்தெழுதப்பட்டது. வகுத்தால் 2,143 நாள், ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 8 ஜிபியில் 1.4 தடவை என்றால் நாளுக்கு 11 ஜிபி சொச்சம். 500 ஜிபி டிரைவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே 3,000 தடவை தாங்கும் செல்கள் என்றால் முந்நூறு ஆண்டுக்கு மேல் வரும். எட்டு ஜிபிக்குள் எழுதியதுதான் வினை. ஒரு காரை எத்தனை ஆண்டு ஓட்டுவார்கள் என்பது கார் செய்கிறவர்களுக்குத் தெரியாததா? தெரியும். லாக் எழுதிய நிரலாளருக்கு அந்த வகுத்தலைப் போட யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு எண்ணை வகுத்தால் வடிவமைப்பு மேசையிலேயே தெரிந்திருக்கும்.

ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டு போட்டு வீட்டு சர்வர் நடத்தும் மாணவர்கள் இதே பாடத்தைச் சில நூறு ரூபாயில் கற்கிறார்கள். கடையில் சுவரில் மாட்டிய கண்காணிப்பு கேமராவும் அப்படித்தான். விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நாளுக்கு 43 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை நாளில் முழுக்க மாற்றியெழுதப்படும். எட்டு கேமரா ஓடும் கடையின் பதிவுப் பெட்டியில் ஆண்டுக்கு 126 டெராபைட் சேரும். அந்தப் பெட்டிகளில் இன்றும் ஹார்ட் டிஸ்க் சுழல்வதற்கு விலை மட்டும் காரணமல்ல. கண்காணிப்புக்கென்றே விற்கும் ஹார்ட் டிஸ்க்குகள் ஆண்டுக்கு 180 டெராபைட் வேலைப்பளுவுக்கு வடிவமைக்கப்பட்டவை. அங்கே ‘ஸ்பீடா இருக்கும்’ என்று எஸ்எஸ்டி மாட்டச் சொல்கிற கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எழுதும் நிரலும் நல்லபிள்ளை, நாளுக்கு 20 ஜிபிதான். ஆனாலும் தேய்மான விழுக்காடு ஓடுகிறது. இப்படியும் வரும். 300 டெராபைட் உத்தரவாதமுள்ள டிரைவில் 30 டெராபைட் எழுதியிருந்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு தேய்ந்திருக்க வேண்டும். 40 காட்டினால் டிரைவுக்குள் பெருக்கம் நடக்கிறது. மைக்ரான், க்ரூஷியல் சாட்டா டிரைவ்களில் இதை நேரடியாகவே கணக்கிடலாம்: 247ஆம் வரி நாம் எழுதச் சொன்ன பேஜ்கள், 248 டிரைவ் தன் உள்வேலைக்காக எழுதிய பேஜ்கள். இரண்டையும் கூட்டி முதலாவதால் வகுத்தால் பெருக்கம் வந்துவிடும். இரண்டுக்குள் இருந்தால் சாதாரணம். ஐந்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது காலியிடம். 95 விழுக்காடு நிரம்பிய டிரைவில் கன்ட்ரோலருக்குப் புரண்டுபடுக்க இடமில்லை. அடுத்தது டிரிம். யூஎஸ்பி உறைக்குள் போட்ட டிரைவ்களுக்கு அது பல நேரம் போய்ச் சேர்வதில்லை. மூன்றாவது, நூறு பைட்டை எழுதிவிட்டு ‘உடனே டிஸ்க்கில் பதித்துவிடு’ என்று விநாடிக்குப் பலமுறை வற்புறுத்தும் தரவுத்தளங்கள், மெய்நிகர் கணினிகள். எழுதிய அளவு சொற்பம்; ஒவ்வொரு தடவையும் பதிவேடு, கோப்புமுறை, ஃபிளாஷ் பேஜ் என்று அது ஊதிக்கொண்டே போகும்.

எல்லாச் சாவையும் தேய்மானத்தின் தலையில் கட்டுவதும் தவறு. 2019இல் எச்பிஇ நிறுவனம் தன் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. அதாவது மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணி. ஃபர்ம்வேரில் மணியை எண்ணிய இடம் நிரம்பி வழிந்ததுதான் காரணம். ஒரே நாளில் வாங்கி, ஒரே நேரத்தில் இயக்கிய டிரைவ்கள் ஒரே நேரத்தில் போகும் என்பதால், ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாடும் உதவாது. 2023 தொடக்கத்தில் சாம்சங் 990 ப்ரோ டிரைவ்கள் சில டெராபைட் எழுதுவதற்குள்ளேயே ஆரோக்கிய விழுக்காட்டில் சரசரவென்று இறங்கின. சாம்சங் ஃபர்ம்வேர் திருத்தம் கொடுத்தது. ஏற்கெனவே இறங்கிய எண்கள் திரும்பவில்லை. 2016இல் டொரண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் ஆறாண்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்வில், அழித்தெழுதல் எண்ணிக்கை மட்டுமன்றி டிரைவின் வயதும் தனியாகப் பிழைகளைக் கூட்டியது தெரிந்தது. அதனால் டிரைவ் வைத்தியத்தில் முதல் படி ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்ப்பது. பிறகுதான் நிரல்களைத் துரத்துவது.

பயப்பட வேண்டியவர்கள் யார் என்பதும் மாறிவிட்டது. அன்று ஹார்ட் டிஸ்க் போனால் நாலு திருகைக் கழற்றி வேறொன்று மாட்டினோம். இன்று பல மெல்லிய லேப்டாப்களில், ஆப்பிளின் மேக்புக்குகளில், சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது. 8 ஜிபி ரேம் வாங்கிவிட்டு, ஸ்வாப்பை நம்பிப் பத்து செயலி திறந்துவைப்பவர் தேய்ப்பது டிரைவை மட்டுமல்ல, முழு லேப்டாப்பையும். அவருக்கு ஸ்வாப்பை அணைக்கச் சொல்வது தீர்வாகாது, கணினி திணறும். வாங்கும்போதே ரேமுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதுதான் மலிவு. டெஸ்க்டாப்காரரோ நிம்மதியாக இருக்கலாம். டாக்கர் ஓட்டுபவர்கள் லாக் கோப்புக்கு அளவு வரம்பு வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இயல்பு நிலையில் அதற்கு வரம்பே இல்லை.

பழைய எஸ்எஸ்டி சந்தையிலும் இந்தக் கணக்கு நுழைந்துவிட்டது. 2021இல் சியா என்ற மின்நாணயத்துக்காக, சுமார் 100 ஜிபி கோப்பு ஒன்றை உருவாக்க ஒரு டெராபைட்டுக்கு மேல் தற்காலிகமாக எழுதித் தேய்த்த டிரைவ்களும் பிற்பாடு இந்தச் சந்தைக்கு வரத் தடையில்லை. விற்பவர் ‘ஹெல்த் 100’ என்று ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார். ஸ்மார்ட் எண்களைத் தொழிற்சாலைக் கருவியால் பூஜ்யமாக்க முடியும். அதனால் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உற்பத்தித் தேதி நான்காண்டுக்கு முந்தையது, ஓடிய நேரம் பன்னிரண்டு மணி, எழுதியது 40 ஜிபி என்றால் நம்ப வேண்டாம். ஓடிய நேரம் 9,000 மணி, எழுதியது 18 டெராபைட், பயன்பட்டது 5 விழுக்காடு, தரவு ஒருமைப்பாட்டுப் பிழை பூஜ்யம் என்றிருந்தால் அது யாரோ ஒருவர் சாதாரணமாகப் பயன்படுத்திய டிரைவ். புதியதின் விலையில் பாதிக்குத் தொடங்கிப் பேசலாம்.